நம்மைப் பற்றி எழுதப்பட்டவை நம் கைக்கும் வரட்டும்



பல்கலைக்கழக நூலகத்திலிருந்து அவ்வப்போது ஓர் அறிவித்தல் வரும். புதிய நூல்கள் வந்திருக்கின்றன, ஆய்வு மாநாட்டுக் கட்டுரைகள் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன, பரீட்சைக் காலத்தில் வாசிப்பு நேரம் மாறுகிறது என்று இருக்கும். யாரோ ஒரு மாணவர் அதை ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். சற்று நேரத்தில் ஜனாஸா அறிவித்தலும் தண்ணீர் வெட்டுச் செய்தியும் வந்து அதை மேலே தள்ளிவிடும். "அது கெம்பஸ் பிள்ளைகளின் விசயம்" என்பதுதான் நம் ஊர்களில் உள்ள பொதுவான எண்ணம்.

அது நம் எல்லோருடைய விசயமும்தான் என்று சொல்லவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

வருடா வருடம் நம் ஊர்களுக்கு இறுதியாண்டு மாணவர்கள் வினாக்கொத்தோடு வருகிறார்கள். தறி வைத்திருப்பவர்களிடம் நூல் விலையைக் கேட்கிறார்கள். கரைவலைக்காரர்களிடம் பிடிபாட்டைக் கேட்கிறார்கள். வெளிநாடு போன தாய்மாரின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று உம்மம்மாமாரிடம் கேட்கிறார்கள். நுண்கடன் எடுத்த பெண்களிடமும், நெற்காணி குத்தகைக்குச் செய்பவர்களிடமும், பாடசாலையை விட்டு இடைவிலகிய பையன்களிடமும் கேட்கிறார்கள். நம் ஆட்களும் நல்ல மனதோடு வாசலில் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்புகிறார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பதில்களுக்கு என்ன நடக்கிறது? அட்டவணையாகி, ஆய்வேடாகி, கட்டப்பட்டு, புள்ளி இடப்பட்டு, ஒரு பிரதி எங்காவது ஓர் அலுமாரிக்குப் போகிறது. சில, மாநாட்டுக் கட்டுரைகளாக ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. பதில் சொன்ன உம்மம்மாவுக்கோ, கரைவலைச் சம்மாட்டியாருக்கோ, பாடசாலை அதிபருக்கோ அதிலிருந்து ஒரு பக்கம்கூடத் திரும்பி வருவதில்லை. இது ஒரு பல்கலைக்கழகத்தின் குறையல்ல. ஆய்வு என்றாலே தகவல் ஒரு பக்கமாகப் போவது என்று ஆகிவிட்ட வழக்கம் இது.

"வந்தால் என்ன, வராவிட்டால் என்ன" என்று சிலர் கேட்கலாம். ஒலுவிலை எடுத்துக்கொள்வோம். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு மணலின் போக்கு மாறியது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. வடக்குப் பக்கத்தில் கரை அரிபட்டது. தென்னைகள் விழுந்தன, தோணி இழுத்து வைக்க இடமில்லாமல் போனது, நிந்தவூர் வரை அதன் தாக்கம் தெரிந்தது. மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள், மகஜர் கொடுத்தார்கள். இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர்களில் சிலர் அந்தக் கடற்கரைக்கு மிக அருகிலேயே இருக்கும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள்.

ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் "கடல் உள்ளுக்கு வந்துட்டு சேர், எங்கட இடமெல்லாம் போயிட்டு" என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொள்வார். அதே மனிதரின் கையில், கரை எந்த வருடம் எவ்வளவு பின்வாங்கியது என்று அளந்து எழுதிய ஒரு கட்டுரையின் தமிழ்ச் சுருக்கம் இருந்தால் அந்தப் பேச்சுக்கு வேறொரு எடை வரும். அனுபவம் நம்மிடம் இருக்கிறது. ஆதாரம் நூலகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசைக்கு வராததால் நாம் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போய் வருகிறோம்.

பாடசாலை விசயமும் இதுதான். இடைவிலகல், கணிதப் பெறுபேறு, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவு செய்யாமை என்று ஆசிரியர்களாகிய நாங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் பேசுகிறோம். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று தொடங்கி "போன்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்று முடிந்துவிடும். நம் பிரதேசப் பிள்ளைகளைப் பற்றி யாரோ அளந்து பார்த்து எழுதியது இருந்தால், அதை வைத்துக்கொண்டு பேசுவதுதான் முறை. நோயைச் சோதிக்காமல் மருந்து எழுதும் டொக்டரிடம் நாம் போகமாட்டோம் அல்லவா?

இனி, ஏற்கெனவே நமக்குத் திறந்திருப்பவை எவை என்று பார்ப்போம். பலருக்குத் தெரியாத விசயங்கள் இவை.

1. தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகம் ஓர் இணையக் களஞ்சியத்தை நடத்துகிறது. மாநாட்டுக் கட்டுரைகள், ஆய்விதழ்கள் எனப் பலவற்றை அதில் வாசிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் தரவிறக்கலாம். பணம் இல்லை. மாணவர் அட்டையும் தேவையில்லை. கையிலுள்ள போன் போதும்.

2. எல்லாம் ஆங்கிலம் என்று பயப்படத் தேவையில்லை. கலை, இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழி சார்ந்த கட்டுரைகளில் தமிழில் எழுதப்பட்டவையும் இருக்கின்றன.

3. தேடும்போது ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சம்மாந்துறை, மருதமுனை, அக்கரைப்பற்று எல்லாமே அப்படித்தான். ஓர் எழுத்துக்கூட்டலில் ஒன்றும் வராவிட்டால் இன்னொன்றைப் போடுங்கள். பிரதேச செயலகப் பிரிவின் பெயரையும் மாவட்டப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

4. நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது என்பதை நூற்பட்டியலில் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒலுவில் வரை பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய் "இல்லை" என்று கேட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

5. பழைய நூல்கள், சஞ்சிகைகள் வேண்டுமென்றால் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம் இருக்கிறது. 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை இலவசமாக வாசிக்கத் தருகிறார்கள். அதில் முஸ்லிம்களின் நூல்களும் சஞ்சிகைகளும் நிறைய உண்டு.

இவை இருப்பவை. நாம் கேட்க வேண்டியவையும் மூன்று இருக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகமானாலும் அருகில் உள்ள ஊர்கள் இவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, வெளி வாசகருக்கான ஒழுங்கு தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிடப்பட வேண்டும். ஓர் ஆசிரியரோ, விவசாய அமைப்பின் செயலாளரோ, உயர்தர மாணவியோ உள்ளே வந்து வாசிக்க முடியுமா, யாரிடம் கடிதம் எடுக்க வேண்டும், எந்த நாள், எந்த நேரம் என்பது ஒரு பக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும். காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விசயமாக அது இருக்கக்கூடாது. தெரிந்த ஆள் இருப்பவருக்குக் கதவு, இல்லாதவருக்குச் சுவர் என்று ஆகிவிடும்.

இரண்டாவது, நம் பிரதேசத்தைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம். என்ன கேட்டார்கள், எத்தனை பேரிடம் கேட்டார்கள், என்ன கண்டார்கள், என்ன செய்யலாம் என்கிறார்கள். அவ்வளவுதான். நூறு பக்கம் எழுதிய பிள்ளைக்கு இந்த ஒரு பக்கம் பெரிய பாரமில்லை.

மூன்றாவது, வருடத்தில் ஒரு நாள் அந்த ஆய்வுகள் ஊருக்குத் திரும்பி வர வேண்டும். ஊர்ப் பொது நூலகத்திலோ, பாடசாலை மண்டபத்திலோ, பள்ளிவாசல் மேல்மாடியிலோ மாணவர்கள் வந்து தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். ஊர் கேள்வி கேட்கட்டும். "நீங்க எழுதினது பிழை தம்பி, அந்த வருசம் வெள்ளம்" என்று ஒரு விவசாயி எழுந்து சொன்னால் அதுவும் ஆய்வுக்கு நல்லதுதான்.

மறுபக்கக் கேள்விகளும் நியாயமானவையே. வெளியாட்கள் வந்தால் மாணவர்களுக்கு இடமும் அமைதியும் குறையும் என்பார்கள். சரிதான். பரீட்சைக் காலத்தை விட்டுவிடுவோம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமையும் கேட்கவில்லை. உள்ளேயே இருந்து வாசிக்க வாரத்தில் ஒரு நாள் போதும். இளமாணி ஆய்வேடுகளில் பிழைகள் இருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். பிழையோடு வாசித்துத் திருத்துவது, வாசிக்காமலே விடுவதைவிட மேல். பதில் சொன்னவர்களின் அந்தரங்கம் என்னாவது என்பதுதான் பாரமான கேள்வி. கடன் வாங்கிய பெண்ணின் கதை, பெயர் இல்லாமலேயே, ஊருக்குள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே ஊருக்கு வரும் சுருக்கத்தில் தொகையும் போக்கும் இருக்கட்டும், தனியாட்களின் கதை வேண்டாம். இதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கேட்பது மட்டும் நம் வேலையல்ல, கொடுக்கவும் வேண்டும். 1882இல் சித்திலெவ்வை "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் சமூகம் எழுதியும் அச்சிட்டும் வந்திருக்கிறது. அரபுத்தமிழில் எழுதப்பட்ட கிதாபுகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் எதையும் எடுத்துவர முடியாமல்தான் வந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் நம் கரையோர ஊர்களில் ஆட்களையும் வீடுகளையும் கொண்டுபோனபோது, அலுமாரிகளில் இருந்த காணி உறுதிகளும் குடும்பக் கொப்பிகளும் சேர்ந்தே போயின. மிச்சமிருப்பதைக் கறையான் தின்கிறது, அல்லது கிலோக் கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போகிறது.

மூத்தவாப்பாவின் றங்குப்பெட்டியில் பழைய சஞ்சிகை, பாடசாலை மலர், நோட்டீஸ், கைப்பிரதி, நம்பிக்கையாளர் சபையின் பழைய கூட்டறிக்கைக் கொப்பி ஏதும் இருந்தால், வீசுவதற்கு முன் ஒருமுறை நிறுத்துங்கள். அசலைக் கொடுக்க மனமில்லாவிட்டால் ஸ்கேன் பண்ண மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கொடுக்கும்போது ஒரு கடிதம் எழுதி, நூலகத்தில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு நம் ஊரின் வரலாற்றை ஒரு பிள்ளை எழுத உட்கார்ந்தால், அதற்கு இவைதான் ஆதாரம்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்த காலத்தில் நம் பிள்ளைகள் படிப்பைத் தொடர வழியில்லாமல் நின்ற நிலையில், மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சியால் வந்தது அது. அதன் நூலகமும் அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பட்டம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பட்டங்களுக்காக எழுதப்பட்ட அறிவில் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாட்டின் வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் அது. அந்த வரியில் மீனவரின் மண்ணெண்ணெய்க் காசும் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு மாணவரோ மாணவியோ வினாக்கொத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், வழமைபோலக் கதிரை போடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள், பதில் சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். "இது எப்ப முடியும் மகள்? முடிஞ்சா எங்க வைப்பீங்க? எங்களுக்குத் தமிழில ஒரு பக்கம் தருவீங்களா?" ஒரு வீடு கேட்டால் அந்தப் பிள்ளை யோசிக்கும். ஊரே கேட்டால் பல்கலைக்கழகம் யோசிக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம்பிக்கையாளர் சபை, பழைய மாணவர் சங்கம், விவசாய அமைப்பு, மீனவர் சங்கம் ஆகியவற்றில் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். கடிதம் எழுதுவதென்றால் எழுதித் தர ஆசிரியர்களாகிய நாங்கள் தயார்.