இருமல் வராத புகை



தீபாவளியன்று முன்னாள் மாணவன் ஒருவன் இல்லத்திற்கு வந்திருந்தான். வயது 23, நல்ல வேலையில் இருக்கிறான். பேச்சினிடையே சட்டைப்பையிலிருந்து மின்வெண்சுருட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். ‘வேப்’ என்றால்தான் பலருக்கும் புரியும். தீர்ந்ததும் வீசியெறியும் வகையன்று. உள்ளிருக்கும் சூடேற்றியைத் தானே அமைத்துக்கொள்ளும் வகை. கண்டிக்க வாய்திறந்த நான் அவன் விளக்கத்தைக் கேட்டு வாயடைத்துப் போனேன்.

மெல்லிய கம்பியை ஐந்தாறு சுற்றுச் சுருளாக்கி, அதனூடே பஞ்சைச் செருக வேண்டுமாம். பஞ்சு இறுகினால் திரவம் ஏறாது, கருகல் வாடை வரும். தளர்ந்தால் திரவம் கசியும். அளவாய் அமைந்தால்தான் ஆவி மென்மையாகவும் சுவை முழுமையாகவும் கிட்டுமாம். எட்டாம் வாய்பாட்டை ஓராண்டு முழுவதும் மனனம் செய்யாத பையன் இவன்! இத்தனை பொறுமையா என்று உள்ளுக்குள் சற்றுப் பெருமிதமும் எழுந்தது, மறைப்பானேன்?

“இருமலே வராது டீச்சர்” என்றான். அந்தச் சொல்தான் இன்னும் என்னைக் குடைகிறது.

இருமல் உடல் எழுப்பும் எச்சரிக்கையல்லவா? அக்காலத்தில் திருட்டுத்தனமாக வெண்சுருட்டைப் பற்றவைத்த சிறுவன் இருமித் திணறினான். சிலராவது அத்தோடு விட்டொழித்தனர். இன்றோ நிக்கோட்டினுடன் பென்சோயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து உப்பாக்குகின்றனர். தொண்டையை உறுத்தும் காரம் தணிகிறது. அதிக நிக்கோட்டினை உறுத்தலின்றி இழுக்க முடிகிறது. மாம்பழ மணமும் தர்ப்பூசணிக் குளிர்ச்சியும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. முதன்முதலில் எப்போது இழுத்தாய் என்று வினவினேன். படிவம் ஒன்றிலாம். இனிப்பாக இருந்ததாம்.

உணவில் சேர்க்கும் மணப்பொருள்தானே என்பார்கள். உண்ணத்தக்கதெல்லாம் உள்ளிழுக்கத்தக்கதன்று. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலை உணவில் அனுமதிக்கிறார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த அமெரிக்கப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் மீளா நுரையீரல் நோய்க்கு ஆளானது 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் இக்கருவியை வைத்திருப்பதே குற்றம். நம் நாட்டிலோ 2023 மார்ச் 31இல் மின்வெண்சுருட்டுக்கான திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கினார்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு நம் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்திருந்தோம்?

வயதுக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதே என் கருத்து. கடைக்காரர் மறுத்தால் அண்ணன்மார் வாங்கித் தருவர். கட்டுப்படுத்த வேண்டியது சுவையை. நெதர்லாந்து 2024 முதல் புகையிலைச் சுவையைத் தவிர மற்றவற்றைத் தடை செய்துவிட்டது. பழச்சுவை இல்லாத ஆவியைத் தேடி எந்தப் பத்து வயதுப் பிள்ளை போகும்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்வைக்கவிருக்கிறேன். மாற்றுக் கருத்துடைய பெற்றோரும் அவசியம் வாருங்கள்.