மேற்கோளும் ஆய்வறமும்

சிறப்புக்கலை மாணவர் எழுதும் ஆய்வேடுகளுட் சிலவற்றைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு விந்தையைக் காண்பர். ஈற்றிலே உசாத்துணை நூற்பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டு கிடக்கும். இடையிலே பிறர் கருத்தும் பிறர் வாக்கியமும் நிறைந்திருக்கும். ஆயின், எவ்வாக்கியம் எந்நூலிலிருந்து வந்தது என்பதை அறிய வழியிராது. கடன் கொடுத்தோர் பெயர் உண்டு. கடன் எவ்வளவு என்ற கணக்கு இல்லை. இதனை மாணவரின் கவனக்குறைவு என்று கூறி அமைதல் தகாது. மூலத்தைச் சுட்டாது எடுத்தாளுதல் உடையவருக்கு இழைக்கும் அநீதி. அதனினும் மேலாக, உண்மையைச் சோதித்தறியும் வழியையே அடைத்துவிடும் செயல்.

இவ்வாறு கூறுமிடத்து எழும் முதல் மறுப்பு, அடிக்குறிப்பும் மேற்கோட் குறிப்பும் மேனாட்டார் வகுத்த சடங்குகள் என்பதாகும். அடிக்குறிப்பின் அச்சு வடிவம் மேனாட்டிலிருந்து வந்தது உண்மையே. ஆயின், அதன் அடிப்படையான அறம் எமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தமக்கு முந்தையோர் கூற்றை ‘என்ப’ என்று பிரித்துக் காட்டினார். முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை வகைப்படுத்தியது எமது மரபு. சிறப்புப்பாயிரம் உணர்த்தவேண்டியனவாக நன்னூலார் கூறும் எட்டனுள், ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது ‘வழி’ என்பதாகும். நூல் எதன் வழி வந்தது என்பதை வாயிலிலேயே சொல்லிவிடவேண்டும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர் பலர் தாம் காட்டிய செய்யுளுக்கு நூற்பெயர் கூறாது சென்றனரே எனச் சிலர் வினவலாம். அவ்வழக்கின் விளைவையும் நோக்குதல் வேண்டும். உரைகளில் வரும் மேற்கோட் செய்யுள்கள் பல இன்று எந்நூலைச் சார்ந்தவை என்று அறியப்படாது கிடக்கின்றன.

மூலத்தைத் துல்லியமாகச் சுட்டுவதன் பயனுக்கு எமது பதிப்பு வரலாற்றிலேயே தக்க சான்றுண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையென வெளியிட்டார். அப்பதிப்பிலே இறுதி நான்கு இயல்களுக்கு அமைந்த உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். இத்தவறு அப்பெரியாரின் உழைப்பைச் சிறிதும் குறைப்பதன்று. ஆயின், அவ்வியல்களின் உரையிலிருந்து ஒரு கருத்தை எடுத்து, ‘நச்சினார்க்கினியர் கூறுவர்’ என்று மட்டும் எழுதிப் பதிப்பைக் குறியாது விட்ட ஒரு கட்டுரையை எண்ணிப் பார்ப்போமாக. அதனைப் படிப்பவர் பிழையின் ஊற்றை எங்ஙனம் காண்பர்? அதனைப் பார்த்தெழுதும் பத்துப் பேரும் அப்பிழையையே சுமப்பர். பதிப்பும் பக்கமும் குறிக்கப்பட்டிருப்பின் திருத்தம் எளிதிற் கைகூடும்.

நூல்கள் கிடைப்பதில்லை; ஆதலாற் கிடைத்த நூலில் உள்ள மேற்கோளையே பயன்படுத்த நேர்கின்றது என்பது இரண்டாவது மறுப்பு. இதிலே நியாயம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆயின், அவ்விழப்புப் புகட்டும் பாடம் வேறு. மூலம் அழிந்த இடத்தில், அதனை நேரிற் கண்டவர் எழுதிவைத்த குறிப்பே எஞ்சும் சான்று. இந்நூலில் இப்பக்கத்தில் இவ்வாறு உள்ளது என்று எழுதியவர் அந்நூலின் ஒரு துளியையேனும் காத்தவராவர். கண்டதைத் தமதாக்கி எழுதியவர் அத்துளியையும் அழித்தவராவர். நேரிற் காணாத நூலைக் கண்டதுபோலப் பட்டியலிடுதலும் பொய்ச்சான்றே. இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுவதில் இழிவொன்றும் இல்லை. மேலும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் படிக்குமாறு வைத்துள்ள இந்நாளில், கிடைக்கவில்லை என்னும் சாட்டு முன்போற் செல்லாது.

மாணவரை மட்டும் கூண்டிலேற்றுதல் எமது நோக்கமன்று. விரிவுரை மண்டபத்திலே மூலஞ் சுட்டாத குறிப்புக்கள் சொல்லி எழுதுவிக்கப்படுகின்றன. அவற்றை அவ்வாறே பரீட்சையில் ஒப்புவிப்பவருக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. மூன்றாண்டு இப்பயிற்சி பெற்றவரிடம் நான்காம் ஆண்டில் ஆய்வறத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்? இன்னொன்றும் கூறவேண்டும். ஊரூராகச் சென்று மாணவர் சேகரித்த நாட்டார் பாடலும் பேச்சுவழக்குச் சொல்லும் அவர்தம் ஆய்வேடுகளிற் கிடக்கின்றன. அவற்றைப் பின்னர் எடுத்தாளும் ஆசிரியர் அம்மாணவரின் பெயரைக் கூறாது விடின், செய்தவர் அறிஞர் என்பதனால் அச்செய்கை வேறு பெயர் பெற்றுவிடாது.

இன்று கணினியிலே சில நொடிகளிற் கட்டுரை எழுதித் தரும் கருவிகளும் வந்துள்ளன. அவை இல்லாத நூலுக்கும் பக்க எண் கொடுக்கவல்லன. சொற்களை மாற்றிப் போட்டாற் கருத்துத் தமதாகிவிடும் என்று எண்ணுவோருக்கு இவை பெருந்துணை. இந்நிலையில் தண்டனை விதிகள் மட்டும் போதா. விரிவுரையாளர் தமது குறிப்பில் வரும் முக்கிய கருத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் மூலம் கூறுக. மாணவர் ‘இதற்கு ஆதாரம் யாது?’ என்று வகுப்பிலேயே வினவுக. பரீட்சகர் உசாத்துணைப் பட்டியலின் நீளத்தை அளவாது, அதில் மூன்று நூல்களையேனும் எடுத்து மேற்கோளை ஒப்புநோக்குக. இவற்றுக்குப் புதிய நிதியோ சட்டமோ வேண்டியதில்லை. இவை நிகழாதவரை, தமிழில் ஆய்வு வளர்கின்றது என்று நாம் பெருமை பேசுவது ஆய்வேடுகளின் எண்ணிக்கையைக் குறித்த பேச்சாகவே அமையும்.