ஐ7 எண்டு சொல்லி விக்கிற பழசுகள்

கெம்பஸ் கிடைச்ச பிள்ளைக்கு லெப்டொப் வாங்க பெரியகல்லாற்றில் அம்மாவின்ர சங்கிலி அடகுக்குப் போகும், இல்லாட்டி கட்டாரில நிக்கிற அண்ணனுக்குக் கோல் போகும். அந்தக் காசோட கல்முனைக்கோ மட்டக்களப்பு டவுனுக்கோ போனால் கடையில சொல்லுறது ஒரே கதை: "இது ஐ7, 2.7 கிகாஹேர்ட்ஸ். பக்கத்தில இருக்கிறது வெறும் ஐ3, 1.2 தான்." இந்தக் கதையை நாங்கள் இனியும் கேட்டுத் தலையாட்டக்கூடாது.

கிகாஹேர்ட்ஸ் எண்டது செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டும்தான். ஒரு கிகாஹேர்ட்ஸ் எண்டால் 100 கோடி. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியுது எண்டதை அந்த எண் சொல்லாது. வாவியில் தோணி விடுறவங்களுக்கு இது விளங்கும்: சின்னத் துடுப்பால படபடவெண்டு அடிக்கிறவனை, அகலத் துடுப்பால ஆறுதலா வலிக்கிறவன் முந்திப் போவான்.

இந்த எண்ணை ஊதிப் பெருப்பிச்சதே இன்டெல்தான். 2000இல் 1.5 கிகாஹேர்ட்ஸில் வந்த பென்டியம் 4ஐ, 2004க்குள் 3.8 வரை கொண்டுபோனார்கள். சூடும் மின்சாரமும் தாங்காமல் 4 கிகாஹேர்ட்ஸ் திட்டம் கைவிடப்பட்டது. அதன் தலைவர் கிரெய்க் பாரெட் மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்பே கேட்டார் (பகிடிக்குத்தான், ஆனாலும் கேட்டார்). போட்டிக்கு நிண்ட ஏஎம்டி என்ன செய்தது? 1.53 கிகாஹேர்ட்ஸ் சிப்புக்கு "அத்லொன் எக்ஸ்பி 1800+" எண்டு பேர் வைச்சது. சனம் எண்ணைப் பார்த்துத்தான் வாங்கும் எண்டு அவங்களுக்கும் தெரியும்.

இருபது வருசம் கழிச்சும் எங்கட கடைகளில் அதே வித்தை. அந்த 2.7 ஐ7, பெரும்பாலும் 2016இல் வந்த ஐ7-7500யூ. இரண்டே கோர். அந்த "வெறும் ஐ3", 2022இல் வந்த ஐ3-1215யூ எண்டால், ஆறு கோர், 1.2 அதன்ர அடிப்படை வேகம் மட்டும், தேவைப்பட்டால் 4.4 வரை ஏறும். ஐ3தான் தெளிவா வேகம். அதைவிட மோசம், 7500யூ வின்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலிலேயே இல்லை. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. நாலு வருசப் படிப்புக்கு இதையா அடகு வைச்சு வாங்குறது?

பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் கிகாஹேர்ட்ஸ் எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை. அது ஒரு ஃபைலைத் தேடி எடுக்கவே 10 மில்லிசெக்கன் அளவில் போகும், 3.5 கிகாஹேர்ட்ஸ் சிப் ஒண்டுக்கு அது 3.5 கோடித் துடிப்பு. எஸ்எஸ்டி இல்லாத மெசினைத் தொடவே வேண்டாம். ரெம் 8 ஜிபிக்குக் குறைஞ்சாலும் வேண்டாம்.

காசு குடுக்க முதல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்துங்க. திறக்கிற டாஸ்க் மனேஜரில் "பெர்ஃபோமன்ஸ்" பக்கம் போனால் சிப்பின்ர முழுப்பேர், கோர் எண்ணிக்கை, ரெம், டிஸ்க் எல்லாம் கிடக்கும். பேரைப் போனில தேடி எந்த வருசத்துச் சிப் எண்டு பாருங்க. மெசினை ஓன் பண்ணிக் காட்ட மாட்டன் எண்டு கடைக்காரர் சொன்னால், அடுத்த கடைக்கு நடவுங்க.