'நோ ப்ராப்ளம்' பாடினவரும் தம்பானூர்த் தமிழும்

கலப்புத் தமிழ்னு சொன்னாலே நம்ம மக்களுக்கு முகம் சுருங்கிடும். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு இன்னும் ஒரு சுருக்கம் கூடவே. பசங்க ஒரு வாக்கியத்துல நாலு இங்கிலீஷ் வார்த்தை போட்டாப் போதும், தமிழுக்குக் காரியம் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. நான் இதுல எதிர்க்கட்சி. சாட்சிக்கு ஒரு ரெகே பாடகரைக் கூப்பிடறேன்.

பேரு அப்பாச்சி இந்தியன். 1996 பொங்கலுக்கு வந்த 'லவ் பேர்ட்ஸ்' ஞாபகம் இருக்கா? ஏ.ஆர்.ரஹ்மான் இசை. அதுல 'நோ ப்ராப்ளம்' பாட்டைப் பாடினதோட பிரபுதேவா கூடத் திரையிலயும் வந்தாரே, அவரேதான். ரஹ்மான் எங்கிருந்தோ பிடிச்சுட்டு வந்த ராப் பாடகர்னு நினைச்சு நம்மில் பல பேர் அத்தோட மறந்துட்டோம். ஆனா அவரோட கதை நமக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கு.

நிஜப் பேரு ஸ்டீவன் கபூர். 1967-ல பிறந்தவர். பஞ்சாப்ல இருந்து வந்த குடும்பம். வளர்ந்தது பர்மிங்காம் ஹேண்ட்ஸ்வொர்த்துல. பஞ்சாபிக் கடையும் ஜமைக்காக் கடையும் ஒரே தெருவுல இருக்கற ஏரியா. ஸ்டீல் பல்ஸ் குழு 1978-ல தன் முதல் ஆல்பத்துக்கே அந்த ஊர்ப் பேரைத்தான் வச்சாங்க. வீட்டுல பஞ்சாபி, தெருவுல ஜமைக்கா பேச்சு, ஸ்கூல்ல பர்மிங்காம் இங்கிலீஷ். இந்த மூணையும் அவர் எங்கயும் போய்க் கத்துக்கலை. வாயைத் திறந்தா வந்தது, அவ்வளவுதான்.

வெல்டிங் வேலை பார்த்துக்கிட்டே, தெருவிலயும் ஹால்லயும் பெரிய ஸ்பீக்கர் அடுக்கிப் பாட்டுப் போடற சவுண்ட் சிஸ்டம் கும்பல்கள்ல மைக் பிடிச்சார். 1990-ல 'மூவி ஓவர் இந்தியா' வந்துச்சு. ரெகே ரசிகர்களும் வாங்கினாங்க, பாங்ரா ரசிகர்களும் வாங்கினாங்க. அப்புறம் பாப் மார்லியை உலகத்துக்குக் கொண்டு போன அதே ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் இவரையும் எடுத்துக்கிச்சு. 1993-ல வந்த 'நோ ரிசர்வேஷன்ஸ்' ஆல்பத்துக்கு ஜமைக்காவுக்கே போய் ரெக்கார்டிங் பண்ணினார். அது அந்த வருஷ மெர்க்குரி பரிசுப் பட்டியல்ல இடம் பிடிச்சுது. அதே வருஷம் 'பூம் ஷாக்கலாக்' பிரிட்டிஷ் சார்ட்ல அஞ்சாவது இடம். 'டம் அண்ட் டம்மர்' படத்துலயும் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீங்க.

இவர் எழுதினது என்னன்னும் பாருங்க. 'அரேஞ்ச்ட் மேரேஜ்'ங்கற பாட்டுல வீட்டுல பொண்ணு பார்த்தாச்சு, காதலிகிட்ட இதை எப்போ சொல்றதுன்னு ஒரு பையன் முழிக்கறான். இன்னொரு பாட்டு எய்ட்ஸ் பத்தி எச்சரிக்கை. இன்னொண்ணு குடிப்பழக்கம். நம்ம வீடுகள்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசற விஷயம் எல்லாம். சுத்தமான பஞ்சாபில சொல்லியிருந்தா அந்தப் பசங்க உபதேசம்னு எழுந்து போயிருப்பாங்க. தெருப் பேச்சுல சொன்னதால நின்னு கேட்டாங்க.

"ஜமைக்காக்காரன் பாட்டை இந்தியன் ஏன் பாடணும்?"னு ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்விதான். ஆனா 1845-ல இருந்து 1917 வரைக்கும் 36,000-க்கு மேல இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளா ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்காங்க. அங்க கஞ்சாவுக்குப் பேரே 'கஞ்சா'தான். இவர் தன் பேருல இருக்கற 'அப்பாச்சி'யைக் கடன் வாங்கினது சூப்பர் கேட்ங்கற ஜமைக்காப் பாடகர்கிட்ட. அவரும் இந்திய வம்சாவளி! இப்போ யார் பாட்டை யார் எடுத்தாங்கன்னு சொல்லுங்க.

இதெல்லாம் எனக்குப் புதுசா இல்லை. நான் வளர்ந்தது திருவனந்தபுரம் தம்பானூர். ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன், எதிர்ல பஸ் ஸ்டாண்ட். நாகர்கோவில், மார்த்தாண்டம்னு கண்டக்டர் கூவறதை வச்சு அது தமிழா மலையாளமான்னு பிரிக்க முடியாது. கன்னியாகுமரி ஜில்லாவே 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம் இருந்ததுதானே. எங்க வீட்டுல சாயாதான் குடிப்போம். "கொஞ்சம் வெள்ளம் எடு"ன்னா குடிக்கத் தண்ணின்னு அர்த்தம். மதுரைச் சொந்தக்காரங்க "என்னது, வெள்ளமா?"ன்னு சிரிப்பாங்க. சிரிச்சாங்களே தவிர, அது தமிழ் இல்லைன்னு யாரும் எங்களை வெளியே நிறுத்தலை. அதனாலதான் இன்னிக்கு இதைத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன்.

இங்க நிலைமை வேற. போன வருஷம் எங்க பக்கத்துத் தமிழ் விழா ஒண்ணுக்கு என் பொண்ணு தானே ஒரு பாட்டு எழுதினா. பாட்டி போன்ல பேசறதைப் பத்தி. பாதி தமிழ், பாதி அவ ஸ்கூல் இங்கிலீஷ். "முழுக்கத் தமிழ்ல பாடட்டும், இல்லேன்னா ஒரு சினிமாப் பாட்டு பாடட்டும்"னுட்டாங்க. சினிமாப் பாட்டுல இங்கிலீஷே கிடையாது பாருங்க :-) அவ சினிமாப் பாட்டே பாடினா, கைதட்டலும் வாங்கினா. ஆனா அதுக்கப்புறம் ஒரு வரி எழுதலை. எனக்கு உறுத்தறது அதுதான்.

தமிழ் வகுப்பு வேண்டாம்னு சொல்லலை. இலக்கணம் சொல்லிக் கொடுங்க, திருக்குறள் சொல்லிக் கொடுங்க. நானும் வந்து பெஞ்சு தூக்கிப் போடறேன். ஆனா இரவல் வரியைப் பிழையில்லாமப் பாடற பிள்ளையை விட, தன் பாட்டியைப் பத்தித் தப்பும் தவறுமா நாலு வரி எழுதற பிள்ளைகிட்டதான் தமிழ் அதிக நாள் இருக்கும். ஹேண்ட்ஸ்வொர்த்துல யாராவது அந்த வெல்டர் பையன்கிட்ட "ஒழுங்கா ஒரே மொழியில பாடு"ன்னு சொல்லி அவரும் கேட்டிருந்தா, நமக்கு 'நோ ப்ராப்ளம்' கிடைச்சிருக்காது. விழா நடத்தற அன்பர்களே, அடுத்த தடவை சொந்தமா எழுதின பாட்டுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. எந்த மொழி எவ்வளவு சதவீதம்னு கேக்காதீங்க.