மேகத்துக்குள் தேடும் வீரம்

மண்சரிவில் சிக்கிய தோட்டத்து மக்களைத் தூக்கிவரப் போன ஹெலிகொப்டர் மூட்டத்தைக் கண்டு திரும்பினால் அதற்குக் கோழைத்தனம் என்று பெயராம். கருவிகள் இருக்கையில் மேகத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும், துணிந்து உள்ளே விட்டால் இரண்டு நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடலாமே என்று கேட்கிறார் இந்த வாதத்தைத் தூக்கிப்பிடிக்கும் நண்பர்.

மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தையாவது பார்த்தாரா? இரத்தினபுரி நகரம் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் 20 கிலோமீற்றருக்குள் சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. மணிக்கு 200 கிலோமீற்றரில் போகும் ஹெலிகொப்டருக்கு அது ஆறு நிமிடத் தூரம். பெரட்டுக்கு நிற்கையில் பளிச்சென்று தெரிந்த மலை கொழுந்து நிறுப்பதற்குள் காணாமல் போவது இங்கே எல்லோரும் அறிந்ததுதான். மலை அங்கேயேதான் நிற்கும், மூட்டத்துக்குள்.

கட்டுநாயக்கவில் இறங்கும் விமானங்களெல்லாம் மேகத்தைக் கிழித்துக்கொண்டுதானே வருகின்றன என்பது அவருடைய துருப்புச்சீட்டு. வருகின்றனதான். எந்த இடத்தில் எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அவற்றுக்கு முன்கூட்டியே வரையறுத்திருக்கிறார்கள். ஓடுபாதைக்கு வழிகாட்டத் தரையிலிருந்து வானொலி அலை வருகிறது. கட்டுப்பாட்டு அதிகாரி பேசிக்கொண்டிருக்கிறார். புளத்கொஹுபிட்டியவில் ஒரு லயத்துக்கு மேலே இவற்றில் எது இருக்கிறது? திட்டம் போட்டு மேகத்துக்குள் பறப்பவரையும், வழி கிடைக்குமா பார்ப்போம் என்று தலையை உள்ளே விடுபவரையும் ஒரே தட்டில் வைக்கிறார் நண்பர். அவருடைய வாதம் முழுக்க இந்தக் குழப்பத்தின் மேல்தான் நிற்கிறது.

திட்டமிட்ட பயணத்திலேயே என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மலையே சாட்சி. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் கொழும்பில் இறங்க வருகையில் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. இருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமானம் எங்கே இருக்கிறது என்பதையே தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதே அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது என்றது விசாரணை. நண்பர் கும்பிடச் சொல்வதும் கருவியைத்தான்.

திறமைசாலிக்கு ஒன்றும் ஆகாது என்பது அடுத்த வாதம். உள்காதில் இருக்கும் திரவத்துக்குத் திறமை தெரியாது. விமானம் மெல்லச் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுழன்று, நேராகப் போவதாக உடம்பை நம்பவைத்துவிடும். நிமிர்த்தினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அதைத் 'திருத்த' விமானி மறுபடி சாய்ப்பார். விமானம் சுழன்று இறங்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகம், கருவியை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேருக்கு வெளிப்பார்வையை மறைத்துச் சோதித்தது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்குச் சராசரியாக எடுத்தது 178 விநாடி. நண்பரின் இரண்டு நிமிடத்துக்கும் இதற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை.

பழகாதவர்கள்தானே என்பார். 2020 ஜனவரி 26இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் சென்ற ஹெலிகொப்டரை ஓட்டியவர் கருவிப் பறப்புத் தகுதி பெற்றவர். மேகத்துக்கு மேலே ஏறுகிறேன் என்று அவர் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஹெலிகொப்டர் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே நீலகிரியில், சூலூரிலிருந்து வெலிங்டன் போன இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர், குன்னூருக்கு அருகே விழுந்து ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். முப்படைத் தளபதியை ஏற்றிச்செல்லும் பொறுப்பைக் கத்துக்குட்டியிடமா கொடுப்பார்கள்? பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் போனதில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பிவிட்டது என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. அது எதிர்பாராமல் நேர்ந்தது. நண்பரோ தெரிந்தே நுழையச் சொல்கிறார்.

கீழே சனம் சாகிறதே என்று கடைசியில் கண்ணீரைத் துணைக்கு அழைக்கிறார். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனவில் தோட்டத்து லயங்கள் புதைந்தன. அந்தச் சேற்றுக்குள் நடந்து இறங்கியவர்கள் மண்வெட்டியோடு போன இராணுவத்தினரும் ஊர் இளைஞர்களும். மூட்டத்துக்குள் ஒரு ஹெலிகொப்டரும் பாறையில் மோதி விழுந்திருந்தால், இருந்த ஆட்களில் பாதிப்பேர் அதைத் தேடிப் போயிருப்பார்கள். றப்பர் மரச்சரிவில், மின்கம்பிக்கு நடுவே, கண் தெரியாமல் எங்கே இறக்குவது என்றும் நண்பர் எழுதவில்லை.

விமானியின் தீர்ப்பு மேகத்துக்கு வெளியில் இருக்கும்வரைதான் வேலை செய்யும். திரும்பிய விமானி, மூட்டம் விலகியதும் இன்னொரு தடவை வரலாம். அவர் மேல் கொட்டிய கோபத்தில் கால்வாசியையாவது நண்பர் மிச்சம் பிடித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த சரிவுகளுக்கு அடியில் இன்னமும் லயங்களை வைத்திருப்பவர்களிடம் காட்டட்டும். அவர்கள் மேல் ஒரு வரிகூட அவர் எழுதியதாக நான் காணவில்லை.