ஓதமேறிய வீடும் உறங்கிய சட்டமும்

ராச்டேல் என்னும் ஊரின் பெயர் கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்ட நமது நேயர்களுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் வடபாகத்தில், மாஞ்செஸ்டர் நகருக்கு அருகே, பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. அங்கே 1844-ம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி, ஏழைத் தொழிலாளர் இருபத்தெண்மர் தம் சிறு சேமிப்பைத் திரட்டி ஒரு பண்டகசாலையைத் திறந்தனர். கலப்படமற்ற சரக்கு, நேர்மையான எடை, லாபத்தில் அங்கத்தினருக்குப் பங்கு என்பனவே அவர்கள் கொள்கை. 1904-ம் வருஷத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் அவ்வூரே வழிகாட்டியாயிற்று.

அதே ஊரில், அதே டிசம்பர் 21-ந் தேதியன்று, 2020-ம் வருஷத்தில், இரண்டு வயது நிறைந்து சில நாட்களே ஆன ஓர் ஆண் குழந்தை உயிர் நீத்தது. அதைக் கொன்றது பட்டினியன்று; அவ்வருஷம் உலகையெல்லாம் வாட்டிய கொள்ளை நோயுமன்று. வீட்டுச் சுவரில் படர்ந்திருந்த பூஞ்சணத்தின் காற்றை நெடுங்காலம் சுவாசித்ததனால் மூச்சுக் குழல்கள் கெட்டு அக்குழந்தை மாண்டது என்று, 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். உலகத்தின் செல்வ நாடுகளுள் ஒன்றில், இந்த நூற்றாண்டில், இஃது எவ்வாறு நேர்ந்தது என்று அவரே வியந்து கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடுதல் இங்கிலாந்துக்கு மட்டும் உரிய காரியமன்று என்பது நமது அபிப்பிராயம்.

நடந்த விஷயம் இது. குழந்தையின் பெற்றோர் சூடான் தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ராச்டேல் வீட்டு வசதிச் சங்கத்துக்குச் சொந்தமான, ஒரே படுக்கையறை கொண்ட சிறு ஜாகையில் வாடகைக்கு இருந்தார்கள். சுவரில் பூஞ்சணம் காண்கிறதென்று 2017-ம் வருஷத்திலேயே தந்தை சங்கத்தாருக்குத் தெரிவித்தார். அதன்மேல் வர்ணம் பூசிவிடும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் பூசினார்; பூசிய வர்ணத்தின் மேலேயே பூஞ்சணம் மறுபடியும் பூத்தது. 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர் வக்கீலை நாடினார். ஜூலை மாதத்தில், குழந்தைகளின் சுகத்தை வீடு வீடாகச் சென்று பார்க்கும் தாதி ஒருவர், இவ்வீடு குழந்தைக்கு ஆகாது என்று கவலைப்பட்டுச் சங்கத்துக்கு எழுதினார். அம்மாதத்திலேயே சங்கத்தின் ஆள் வந்து, சமையலறையிலும் குளியலறையிலும் பூஞ்சணம் இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். ஆனால், வக்கீல் மூலம் கோரிக்கை வந்துவிட்டால் இரு தரத்து வக்கீல்களும் ஒப்புக்கொள்ளும் வரையில் பழுது பார்ப்பதில்லை என்பது சங்கத்தின் வழக்கம். காகிதம் காகிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. சுவர் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

சுவரில் ஓதம் ஏறுவதற்குக் காரணங்கள் பல. தரையின் ஈரம் செங்கல் வழியே மேலேறலாம், மழை நீர் வெடிப்பின் வழியே உட்புகலாம், குழாய் கசியலாம். இவையன்றி, நம்மவர் பலர் எண்ணிப் பாராத நான்காவது காரணம் ஒன்றுண்டு; குளிர் நாட்டில் அதுவே பெரிது. காற்றில் நீராவி எப்பொழுதும் கலந்திருக்கிறது. 20 டிகிரி உஷ்ணமுள்ள காற்று, கன மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 17 கிராம் ஆவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மீதி ஆவி, குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். நாலைந்து பேருள்ள குடும்பம் மூச்சு விடுவதாலும், சமைப்பதாலும், குளிப்பதாலும், துணி உலர்த்துவதாலும் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீரைக் காற்றில் கலக்கிறது. அது வெளியேற வழி வேண்டும். வழி இல்லையேல் சுவர் நனையும். நனைந்த சுவரில் பூஞ்சணம் குடியேறும். ராச்டேல் ஜாகையில் அன்றாட வாழ்க்கையிலிருந்து எழுந்த ஆவி போதிய காற்றோட்டமின்றித் தேங்கியதே பூஞ்சணத்துக்குக் காரணம் என்று விசாரணையில் நிச்சயிக்கப்பட்டது. காரணம் நீங்காமல் வர்ணம் பூசுவது, புண்ணைத் துணியால் மூடி ஆறிவிட்டதென்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆனால் சங்கத்தார் காரணத்தை எங்கே தேடினர்? சுவரிலன்று, குடியிருப்பவரின் பழக்கவழக்கங்களில் தேடினர். அந்நிய தேசத்தவர் ஏதோ ஒரு விதமாகக் குளிக்கிறார்கள், ஏதோ ஒரு விதமாகச் சமைக்கிறார்கள், ஆகையால் ஓதம் ஏறுகிறது என்று ஊகித்தனர். அவ்வூகம் தவறு என்று பின்னர் அவர்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அகதிகளாயும் அடைக்கலம் தேடியும் வந்தவர்களை வேற்றாராகப் பாவிக்கும் மனப்பான்மை அச்சங்கத்தில் இருந்ததென்று, வீட்டுவசதிக் குறைகளை விசாரிக்கும் அதிகாரி 2023-ம் வருஷத்தில் கண்டித்தார். இவ்வதிகாரியே 2021-ம் வருஷம் அக்டோபரில், ஓதத்துக்குக் குடியிருப்போரின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டுவது தகாதென்று தனி அறிக்கை வெளியிட்டிருந்தவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு இதைவிடத் தக்க உதாரணம் வேண்டுமா? மூச்சு விடுவதும் சோறு சமைப்பதும் குற்றமானால், மனிதர் செய்யத்தக்க குற்றமற்ற காரியந்தான் யாது? மனிதர் மூச்சு விடுவார்கள் என்பதை முன்னமே அறிந்து கட்டுவதன்றோ வீடு!

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சட்டம் உண்டு, அது உறங்கிய வரலாறுதான் நாம் சிந்திக்க வேண்டுவது. ஏழைகளுக்கு வாடகைக்கு விடும் வீடு மனிதர் வசிக்கத் தக்கதாக இருத்தல் வேண்டுமென்று 1885-ம் வருஷத்திலேயே பார்லிமெண்டு விதித்தது. ஆயினும் குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட வாடகை வீடுகளுக்கே அவ்விதி பொருந்தும். அத்தொகை கடைசியாக 1957-ம் வருஷத்தில் மாற்றப்பட்டது: லண்டனில் வருஷத்துக்கு 80 பவுன், மற்ற இடங்களில் 52 பவுன், அதாவது வாரத்துக்கு ஒரு பவுன். அதன் பின் விலைவாசி ஏறிற்று, வாடகை ஏறிற்று, சட்டத்திலுள்ள தொகை மட்டும் அசையவில்லை. வாரம் ஒரு பவுனுக்கு வீடு கிடைப்பது ஒழிந்தது. அதனோடு சட்டத்தின் உயிரும் ஒழிந்தது. எவரும் அதை ரத்து செய்யவில்லை. எண் ஒன்றைத் திருத்தாமல் விட்டதே அதைக் கொல்லப் போதுமாயிற்று. அந்த வரம்பை நீக்கி அதற்கு உயிர் கொடுத்தது 2018-ம் வருஷத்துச் சட்டம். அமலுக்கு வந்தது 2019-ம் வருஷம் மார்ச்சு மாதம்.

இடைக்காலத்தில் நியாயஸ்தலங்களும் ஏழைக்குக் கை கொடுக்கவில்லை. 1985-ம் வருஷத்தில், வேல்ஸ் நாட்டில் ஊராட்சி மன்றத்தின் வீடு ஒன்றைப் பற்றிய வழக்கு அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. சுவரிலும் ஜன்னலிலும் நீர் படிந்து, படுக்கையும் துணியும் மக்கிப்போயின. ஆனால் வீட்டின் எந்த உறுப்பும் உடையவில்லை. கட்டிய விதமே அப்படி. ஆகவே பழுது பார்க்கும் கடமை எழவில்லை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நன்றாகக் கட்டிய வீடு கெட்டால் சொந்தக்காரர் பொறுப்பு. கெட்டதாகவே கட்டிய வீட்டுக்கு எவரும் பொறுப்பில்லை. சட்டத்தின் எழுத்து இவ்வண்ணம் இருந்தது.

கட்டட விதிகளின் நிலைமையும் இத்தகையதே. அந்நாட்டு விதிகளில் ஈரத்தைத் தடுப்பதற்கு ஒரு பகுதியும் காற்றோட்டத்துக்கு ஒரு பகுதியும் தனித்தனியே உள்ளன. ஆனால் அவை புதிதாகக் கட்டும்போதும் மாற்றிக் கட்டும்போதுமே குறுக்கிடும். முன்னமே கட்டி முடிந்த வீட்டுக்குள் அவை தாமாக நுழைவதில்லை. பழைய வீடுகளைப் பரிசோதிக்க 2004-ம் வருஷத்துச் சட்டம் வேறு வழி வகுத்தது. வீட்டில் நேரக்கூடிய அபாயங்கள் 29 என்று எண்ணி, ஓதத்தையும் பூஞ்சணத்தையும் அவற்றுள் முதலாவதாக வைத்தது. கொடிய அபாயம் காணப்பட்டால் ஊராட்சி மன்றம் நடவடிக்கை எடுத்தே தீரவேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஆனால் மன்றமே வீட்டுச் சொந்தக்காரரானால் தன்மேல் தானே நோட்டீஸ் சார்வு செய்ய இயலாது. சங்கங்களின் வீடுகளைக் கண்காணிக்கும் மேலதிகாரியோ, 2011-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, பெருங்கேடு என்று தோன்றினாலன்றித் தலையிடக் கூடாதிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடுகள் பல இருந்தன. கறி மட்டும் இல்லை.

அக்குழந்தையின் மரணத்துக்குப் பிறகே விழிப்பு ஏற்பட்டது. சங்கத்தின் தலைமை நிர்வாகி பதவியிழந்தார். பெற்றோரும் ஊராரும் மன்றாடினர். 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பார்லிமெண்டு புதிய சட்டம் செய்தது. குழந்தையின் பெயராலேயே அதன் முக்கியப் பகுதி அவாப் சட்டம் என்று வழங்குகிறது. 2025-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி அது அமலுக்கு வந்தது. உயிருக்கு உடனடி அபாயமானால் 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும். ஓதமும் பூஞ்சணமும் கடுமையாக இருப்பதாகப் புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் விசாரிக்கவேண்டும். விசாரணை முடிந்த மூன்று வேலை நாட்களுக்குள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். ஐந்து வேலை நாட்களுக்குள் வீட்டை அபாயமற்றதாக்கவேண்டும். இயலாதாயின் சொந்தக்காரர் தம் செலவில் வேறு இடம் கொடுக்கவேண்டும். தனியாரின் வாடகை வீடுகளுக்கும் இதை விரிப்பதற்கு அதே நாளில் அங்கீகாரம் பெற்ற வேறொரு சட்டம் இடம் வைத்திருக்கிறது.

இதை நாம் மனமார வரவேற்கிறோம். 'நியாயமான காலத்துக்குள்' என்ற சொற்றொடர் அதிகாரிகளுக்குத் தலையணை போன்றது. அதன்மேல் எத்தனை வருஷமும் உறங்கலாம். அவ்விடத்தில் ஓர் எண்ணை வைத்தது பெரிய சீர்திருத்தமே. ஆயினும் குறை தீரவில்லை. கெடு தவறினால் கேட்பது யார்? குடியிருப்பவரே குறை விசாரிக்கும் அதிகாரியிடமோ கோர்ட்டுக்கோ போகவேண்டும். பாஷை தெரியாதவர், வேறு வீடு கிடைக்குமோ என்று அஞ்சுபவர், இரு வேலை செய்து இரவு திரும்புபவர் எப்படிப் போவார்? 1,000 வீடுகளுக்கு மேல் உடைய சங்கங்களை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கும் ஏற்பாடு 2024-ம் வருஷம் ஏப்ரல் முதல் நடந்து வருகிறது. நல்லதே. ஆனால் அக்குழந்தையின் ஆயுள் முழுவதும் இரண்டே வருஷம் என்பதை மறக்கலாகாது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, அதை நிலைநாட்டும் பாரத்தை வலியற்றவன் தோளில் ஏற்றுவது பாதிச் சட்டமே.

இதிலிருந்து பொதுக்காரியத்தில் உழைப்பவர் அனைவரும் அறியவேண்டியவை மூன்று. சட்டம் வீட்டுக்குப் பொறுப்பாளி யார் என்று பெயர் சொல்லவேண்டும். எத்தனை நாளுக்குள் என்று எண் சொல்லவேண்டும். கேளாமலே வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கும் அதிகாரியை ஏற்படுத்தவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா.

கூட்டுறவாளருக்கு இன்னும் ஒரு வார்த்தை. அந்த ராச்டேல் சங்கம் லாபத்துக்கு நடந்த கம்பெனியன்று. குடியிருப்போரும் ஊழியரும் அங்கத்தினராயிருந்து தமதென்று உரிமை கொண்டாடத் தக்க கூட்டுச் சங்கம். அங்கத்தினன் என்ற பெயர் ஒருவனுக்கு இருந்தும், அவனுடைய சொல்லைக் கேட்கும் காது இல்லாவிடில், அச்சங்கத்துக்கும் பணக்காரச் சொந்தக்காரனுக்கும் பேதம் யாது? 1844-ம் வருஷத்து நெசவாளர் சரியான எடைக்காகச் சங்கம் கண்டனர். அவர்கள் ஊரில் ஒரு தந்தையின் முறையீடு மூன்று வருஷம் தராசிலேயே வைக்கப்படவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நமது முன்னோர் மொழி. அச்சுவர் உலர்ந்திருந்தால்தான் குழந்தை பிழைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்வோமாக.