கோபார் குறிப்புகள்: கழிவு போக ஒரு டாலர்

தலைப்புல டாலரைப் பார்த்துட்டு கரன்சி மேட்டர்னு ஓடி வந்திருந்தீங்கன்னா, ஸாரி மக்களே. இது செயின்ல தொங்கற டாலர். ஊர்ல நாம அப்படித்தானே சொல்றோம்? தமிழய்யா கேட்டா பதக்கம்பார்.

சவூதியில 2025-ஐ கைவினை ஆண்டுன்னு அறிவிச்சாங்க. அப்பலேர்ந்தே ஏதாவது கத்துக்கணும்னு ஒரு நமைச்சல். போன வெள்ளிக்கிழமைதான் கோபார்ல ஒரு பட்டறைக்குப் போக முடிஞ்சது. பன்னிரண்டு பேர்ல ஆம்பளை நான் ஒருத்தன் மட்டும் :-) சொல்லிக் கொடுத்தது ஒரு ஃபிலிப்பினோ அக்கா. மணல், துணி, காகிதம், சிப்பி, கம்பின்னு கையில கிடைச்சதை எல்லாம் ஒரே டாலருக்குள்ள அடக்கற வேலை.

இதென்னமோ புதுசுன்னு நினைக்காதீங்க. ஜுபைலுக்கு மேற்கே தாஜ்னு ஒரு பழைய ஊர். 1998-ல அங்கே ஒரு கல்லறையைத் தோண்டினப்போ உள்ளே ஒரு சின்னப் பொண்ணு. தங்க முகமூடி, அதோட தங்கம், முத்து, மாணிக்கம், டர்காய்ஸ் எல்லாம் கலந்து செஞ்ச மாலைகள். கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முந்தினது. அவ்வளவு ஏன், நம்ம ஊர் தாலிக்குண்டே வெளியே தங்கம், உள்ளே அரக்குதானே?

சரி, வேலைக்கு வருவோம். ஓரம் உயர்ந்த சின்னப் பித்தளைத் தட்டு. அதுல எபாக்ஸி ரெசின் ஊத்தணும். ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு (பிராண்டுக்குப் பிராண்டு மாறும், டப்பாவைப் படிங்க). மூணு நிமிஷம் மெதுவாக் கலக்கணும். காபி ஆத்தற மாதிரி அடிச்சா குமிழி வந்துரும். மொத்தமா ஊத்தினா சூடேறிக் கொதிக்கும், அதனால மெல்லிசா அடுக்கடுக்கா. கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கணும். முழுசா இறுக ஒரு நாளாவது ஆகும்.

ஈரம்தான் இதுக்கு முதல் எதிரி. ஹாஃப் மூன் பே கடற்கரையில அள்ளின மணலை அக்கா அடுப்புல வச்சு உலர்த்தித்தான் கொடுத்தாங்க. காகிதம்னா ரெண்டு பக்கமும் பசை தடவிக் காய வைக்கணும். இல்லேன்னா ரெசினைக் குடிச்சு எண்ணெய்க் காகிதம் மாதிரி ஆயிடும். பேனா எழுத்து கலங்கிடும், லேசர் பிரிண்ட் போட்டுக்கோன்னாங்க.

நான் கொண்டு போன காகிதம் ஒரு அடகுச் சீட்டு.

டிகிரி ரெண்டாம் வருஷ ஃபீஸுக்கு அம்மா வச்ச செயின். 'செயின் 1, எடை 24.200'. அதுக்குப் பக்கத்துல 'கழிவு' கட்டம். டாலர்ல இருந்த சிவப்புக் கல்லு, அழுக்கு எல்லாத்தையும் அதுல எழுதிக் கழிச்சுட்டுத்தான் மிச்சத்துக்குப் பணம் தருவாங்க. வட்டி கட்ட முடியல, ஏலத்துல போயிடுச்சு. சீட்டு மட்டும் எப்படியோ என் சர்ட்டிபிகேட் ஃபைலோட கோபார் வரைக்கும் வந்திருக்கு. அதை ஸ்கேன் பண்ணிச் சுருக்கி, லேசர்ல அடிச்சு, எடையும் கழிவும் இருக்கற மூலையை மட்டும் வெட்டிக்கிட்டேன். ஒரிஜினலைத் தொடல.

அடியில சீட்டு, ஓரத்துல மணல், மேல ஒரு கிளிஞ்சல் துண்டு. மறுநாள் எடுத்துப் பார்த்தா எழுத்து தண்ணிக்கடியில கிடக்கற மாதிரி தெளிவா இருந்துச்சு.

அம்மாவுக்கு வாட்ஸப்ல படம் அனுப்பிட்டு பயந்துக்கிட்டேதான் போன் பண்ணேன். அந்தச் செயின் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடற ஆள்.

"எத்தனை கிராம்டா?"

"பதினொண்ணும்மா."

"கழிவு போக?"

"எல்லாமே கழிவுதாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன்.

"படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கழிவுல 'கல்லு 1'ன்னு எழுதியிருக்கான் பாரு. மூணு கல்லுடா அது."

இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாது.

"குளிக்கும்போது கழட்டணுமா?"

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதும்மா. வெயில்லயே போட்டு வச்சா நாளாக நாளாக மஞ்சளாகும். சென்ட் படாம பார்த்துக்க."

"நான் எங்கடா சென்ட் அடிக்கறேன். லீவுக்கு வரும்போது கொண்டா. கறுப்புக் கயிறு இங்கேயே வாங்கிக்கலாம்."

மிச்ச ரெசின் கொஞ்சம் இருக்கு. சிவப்புக் கண்ணாடி மணி கோபார்ல எங்கே கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. ரெண்டு போதும்.